மீட்டரை முதல்ல எங்க மாட்டப் போறீங்க?



"கரண்டுக்கு வந்த மாதிரி தண்ணிக்கும் ஸ்மார்ட் மீட்டர் வருதாமே, கட்சி என்ன சொல்லுது?" இந்தக் கேள்வி வராத தெருமுனைக் கூட்டம் இல்லை. கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணி விட்டாலும் எழுந்து குடத்தை வரிசையில் வைப்பது அவர்கள்தானே. அவர்களுடைய பயம் நியாயமானது. அந்தப் பயத்தை வைத்து "எதிர்ப்போம், விரட்டுவோம்" என்று நாலு வரி கோஷம் போட்டுவிட்டுப் போவது நமக்கு ரொம்ப சுலபம். லைக்கும் நன்றாக விழும். ஆனால் இது கோஷத்தில் முடிகிற விஷயம் இல்லை. கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுகிறோம், பொறுமையாகப் படிங்க.

நம் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மீட்டரும் சென்சாரும் நமக்கு எதிரி இல்லை. தண்ணீரை அளப்பது தப்பே இல்லை. யாரை முதலில் அளக்கப் போகிறீர்கள், அளந்த கணக்கு யார் கையில் இருக்கும், காசு தீர்ந்த வீட்டின் குழாயை மூடுவீர்களா, மாட்டீர்களா? சண்டை இதில்தான். இதற்குப் பதில் சொல்லாமல் "ஸ்மார்ட்", "ஸ்மார்ட்" என்று சொல்லிக்கொண்டே வாசலுக்கு வந்தால், வாசலிலேயே நிறுத்துவோம்.

முதலில் நம் ஆட்களுக்கே ஒரு வார்த்தை. "தண்ணிக்கு மீட்டரே கூடாது, அது தனியார்மயத்தின் முதல் படி" என்று நம் தோழர்கள் சிலர் எழுதுகிறார்கள். உணர்வு புரிகிறது. ஆனால் மீட்டர் இல்லாத ஊரில் யாருக்கு லாபம் என்று யோசித்துப் பாருங்கள். சென்னையில் பெரும்பாலான வீடுகளுக்குத் தண்ணி மீட்டர் கிடையாது. எவ்வளவு பிடித்தாலும் மாதக் கட்டணம் மாறாது. கீழே பெரிய சம்ப் கட்டி, குழாயிலேயே நேராக மோட்டார் போட்டு உறிஞ்சுகிறவர் எத்தனை ஆயிரம் லிட்டர் இழுத்தாலும் ஒரு பைசா கூடாது. அவர் உறிஞ்ச உறிஞ்ச, தெருக்கோடி வீட்டுக் குழாயில் புஸ்ஸென்று காத்துதான் வரும். அந்த வீட்டுக்காரம்மா லாரிக்குப் பின்னால் ஓடுகிறார். அளக்காமல் விடுவதற்குப் பெயர் சமத்துவம் இல்லைங்க. அளக்காத இடத்தில் பலசாலிதான் குடிப்பான்.

அளவு என்பது ஏழையின் கையில் ஆயுதமாக இருக்க முடியுமா? முடியும். அதற்கு ஒரு ஊரைக் காட்டுகிறோம், இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கம்போடியாவின் தலைநகர் நோம் பென். வருஷம் 1993. கெமர் ரூஜ் கொடுமை, அதற்குப் பிறகு நடந்த உள்நாட்டுப் போர், எல்லாவற்றையும் தாண்டி அப்போதுதான் மூச்சு விட ஆரம்பித்த நகரம். அங்கே சுத்திகரிப்பு நிலையத்தை விட்டுக் கிளம்பிய தண்ணீரில் 72 சதவீதம் கணக்கிலேயே வரவில்லை. நூறு குடம் அனுப்பினால் 28 குடத்துக்குத்தான் கணக்கு. மீதி ஓட்டைக் குழாயிலும் திருட்டு இணைப்பிலும் போனது. திருட்டு இணைப்புக்கு உடந்தை குடிநீர் வாரியத்தின் ஊழியர்களே. பெரிய மனிதர்கள் பில் கட்டுவதில்லை. ஏழைக்குக் குழாயே கிடையாது, தண்ணி விற்கிறவனிடம் பல மடங்கு விலை கொடுத்து வாங்கிக் குடித்தான். நம் ஊர் மாதிரியே இருக்கிறது, இல்லையா?

அந்த வருஷம் எக் சோன் சான் என்ற பொறியாளர் அந்த வாரியத்துக்குத் தலைவராக வந்தார். வாரியம் அரசு வாரியமாகவே இருந்தது, எந்தக் கம்பெனியிடமும் தூக்கிக் கொடுக்கவில்லை. அவரும் மீட்டர்தான் மாட்டினார். ஆனால் பில்லே கட்டாத அரசு அலுவலகங்களையும் அதிகாரிகள் வீடுகளையும் அவர் விட்டுவைக்கவில்லை. மீட்டர் மாட்டப் போன ஒரு ராணுவ ஜெனரல் வீட்டில் அவர் தலையில் துப்பாக்கியை வைத்திருக்கிறார்கள். மனுஷன் திரும்பி வந்தார், ஆயுதம் ஏந்திய காவலர்களைக் கூட்டிக்கொண்டு மறுபடி போனார், இணைப்பைத் துண்டித்தார். கடைசியில் வழிக்கு வந்தது ஜெனரல்தான். இது கட்டுக்கதை இல்லை, அவரே பேட்டிகளில் சொன்னது.

மறுபக்கம் ஏழைக் குடும்பங்களுக்கு என்ன செய்தார்கள்? புது இணைப்புக் கட்டணத்தில் குடும்ப நிலையைப் பார்த்து 30 முதல் 100 சதவீதம் வரை சலுகை. மீதியைத் தவணையில் கட்டலாம். குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்குக் குறைந்த விலை, வணிக நிறுவனத்துக்கும் அரசு அலுவலகத்துக்கும் கூடுதல் விலை. கூடவே குழாய்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எவ்வளவு தண்ணி நுழைகிறது, அழுத்தம் எவ்வளவு என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். கசிவு தெரிந்தால் ராத்திரி, பகல் பார்க்காமல் ஆள் போய் அடைப்பான். 2008-ல் அந்த 72 சதவீதம் சுமார் 6 சதவீதமாக இறங்கியது. ஊருக்கு 24 மணி நேரமும் தண்ணி. 2006-லேயே அவருக்கு ராமன் மகசேசே விருது கொடுத்தார்கள்.

இன்னொரு பக்கம் 1989-லேயே தனியாருக்குக் கொடுக்கப்பட்ட லண்டன். தேம்ஸ் வாட்டர் கம்பெனியின் குழாய்களில் இன்றும் சுமார் கால்வாசித் தண்ணீர் வழியிலேயே ஒழுகுகிறது. "தனியார்னா திறமை" என்று டீக்கடையில் சொல்கிற நண்பருக்கு இதைக் காட்டுங்கள்.

சரி, இந்த சென்சார் என்ன மந்திரமா? ஒன்றும் இல்லை. ராத்திரி 2 மணிக்கு ஊரே தூங்குகிறது, எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது. ஆனாலும் அந்தப் பகுதிக்குப் போகிற பெரிய குழாயில் தண்ணி ஓடிக்கொண்டே இருக்கிறது என்று மீட்டர் காட்டினால், அந்தத் தண்ணி எங்கே போகிறது? மண்ணுக்குள் போகிறது. அவ்வளவுதான் சூத்திரம். 24 மணி நேரமும் தண்ணி விடுகிற ஊருக்கு இது பொருந்தும். நம் ஊர்களில் பெரும்பாலும் ஒரு நாள் விட்டு ஒரு நாள், வாரத்துக்கு ஒரு நாள் என்றுதான் விடுகிறார்கள், அதனால் இந்த ராத்திரிக் கணக்கு அப்படியே பொருந்தாது. ஆனால் மேல்நிலைத் தொட்டியில் நீர்மட்டம் காட்ட ஒரு சென்சார், தொட்டியை விட்டுக் கிளம்பும் குழாயில் ஒரு பெரிய மீட்டர், கடைசித் தெருவில் அழுத்தம் காட்ட ஒரு கருவி இருந்தால் போதும். தொட்டியில் இருந்து எவ்வளவு கிளம்பியது, கடைசி வீட்டுக்கு என்ன வேகத்தில் போய்ச் சேர்ந்தது என்பது தெரிந்துவிடும். "எங்க தெருவுக்குத் தண்ணி வரலைங்க" என்று சொல்லும்போது "விட்டாச்சும்மா, எல்லாத் தெருவுக்கும் போச்சு" என்று அலுவலகத்தில் உட்கார்ந்து சொல்ல முடியாது. கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

கடைசித் தெருக் குழாயில் குளோரின் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. அதைப் பார்க்கவும் கருவி உண்டு. வயிற்றுப்போக்கு வந்து பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் சேர்ந்த பிறகு சாம்பிள் எடுக்க ஓடி வருவதை விட, முன்கூட்டியே அந்தக் கருவியைப் பார்ப்பது நல்லது.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். தினமும் 10 கோடி லிட்டர் அனுப்புகிற ஒரு நகரத்தில் 30 சதவீதம் வழியில் போகிறது என்று வையுங்கள். 3 கோடி லிட்டர். பாதாளச் சாக்கடை உள்ள நகரத்தில் ஆளுக்கு 135 லிட்டர் என்பது ஒன்றிய அரசின் கையேட்டில் உள்ள அளவு. அந்தக் கணக்கில் இது 2 லட்சத்து 22 ஆயிரம் பேருக்கான தண்ணீர். எந்த அணையும் கட்டாமல், எந்த நதியையும் இணைக்காமல், மண்ணுக்குள்ளேயே கிடக்கிறது. ஒன்றிய அரசின் அம்ருத் 2.0 திட்டமே 2021-ல் இந்த இழப்பை 20 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்றுதான் இலக்கு வைத்தது. அப்படியென்றால் முதல் மீட்டர் எங்கே போக வேண்டும்? நீரேற்று நிலையத்தில், பெரிய குழாயில், தொட்டியில். ஆனால் டெண்டர் என்று வரும்போது மட்டும் ஏன் எல்லாருடைய கண்ணும் நேராக நம் வீட்டு வாசலுக்கு வருகிறது?

காரணம் சிம்பிள். பெரிய குழாயில் மாட்டுகிற மீட்டர் அதிகாரியைக் கேள்வி கேட்கும். வீட்டு வாசலில் மாட்டுகிற மீட்டர் மக்களைத்தான் கேட்கும். தொட்டிக்குப் பத்து மீட்டர் போதும், வீடுகளுக்கு லட்சக்கணக்கில் விற்கலாம்.

இன்னொரு சங்கதி, இதை எந்த விழா மேடையிலும் சொல்ல மாட்டார்கள். தண்ணி நிறுத்தி நிறுத்தி விடுகிற ஊரில், குழாய் காலியாக இருக்கும்போது உள்ளே காத்து நிறைந்துவிடும். மறுபடி தண்ணி திறந்தால் அந்தக் காத்து முதலில் வெளியே ஓடும். சக்கரம் சுற்றுகிற சாதாரண மீட்டர் அந்தக் காத்துக்கும் சுற்றும். தண்ணி வருவதற்கு முன்னாலேயே லிட்டர் ஏறும். காத்துக்குக் காசு! அல்ட்ராசோனிக் மீட்டரில் இந்தத் தொல்லை குறைவு, ஆனால் அதற்கு விலை அதிகம். எனவே ஒரு மாநகராட்சி வீட்டுக்கு வீடு மீட்டர் மாட்டுகிறது என்றால் நாம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ஐயா, இது எந்த வகை மீட்டர்? எங்க தெருவுக்குத் தண்ணி தினமும் வருமா? வாரத்துக்கு ஒரு நாள் தண்ணி விடுகிற ஊரில் வீட்டு மீட்டருக்கு அவசரம் என்ன?

மீட்டர் தப்பான கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு ஊர் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க், அதில் சொவேட்டோ, அதில் பிரி என்ற கறுப்பின மக்கள் குடியிருப்பு. இனவெறி ஆட்சியை எதிர்த்து நின்ற மண். அங்கே 2003 வாக்கில் ப்ரீபெய்ட் தண்ணி மீட்டர் மாட்ட ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு மனைக்கும் மாதம் 6,000 லிட்டர் இலவசம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாளுக்கு 200 லிட்டர். ஆனால் ஒரு மனையில் முன்னால் ஒரு வீடு, பின்னால் வாடகைக் குடிசைகள். சில மனைகளில் இருபது பேர் வரை. ஆளுக்குப் பத்து லிட்டர். மாசத்தின் நடுவிலேயே இலவசம் தீரும், காசு போட்டு டோக்கன் வாங்கவில்லை என்றால் மீட்டர் தானாக மூடிக்கொள்ளும். நோட்டீஸ் கிடையாது, அதிகாரி கிடையாது, கெஞ்சக்கூட ஆள் இல்லை. 2005-ல் ஒரு குடிசையில் தீப்பிடித்தபோது மீட்டரில் தண்ணி இல்லை, இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். அந்தச் சம்பவம் நீதிமன்றத்தில் பேசப்பட்டது.

மக்கள் வழக்குப் போட்டார்கள். மசிபுகோ வழக்கு என்று பெயர். 2008-ல் உயர் நீதிமன்றம் ஆளுக்கு நாளுக்கு 50 லிட்டர் கொடு என்றது. மேல்முறையீட்டில் அது 42 லிட்டர் ஆனது. 2009 அக்டோபரில் அரசியல் சாசன நீதிமன்றம் மாநகராட்சியின் கொள்கை நியாயமானதே என்று முடித்துவிட்டது. ஆமாம், மக்கள் தோற்றார்கள். அதை மறைத்து எழுத வேண்டிய அவசியம் நமக்கு இல்லை. மீட்டர் வந்த பிறகு கோர்ட்டுக்குப் போவது தாமதம் என்பதுதான் அந்தத் தீர்ப்பில் இருந்து நமக்குக் கிடைக்கிற பாடம். ஜோகன்னஸ்பர்க்கின் தண்ணீர் நிறுவனம் மாநகராட்சிக்குச் சொந்தமானதுதான். ஆனால் 2001 முதல் ஐந்து வருஷம் அதை நிர்வகிக்கும் ஒப்பந்தத்தை வைத்திருந்த கூட்டு நிறுவனத்தில் பிரான்சின் சூயஸ் குழுமம் இருந்தது.

சூயஸ். இந்தப் பேரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கா? கோயம்புத்தூர்க்காரர்களுக்கு இருக்கும்.

2018-ன் தொடக்கத்தில் கோவை மாநகராட்சியின் பழைய 60 வார்டுகளுக்கு 24 மணி நேரக் குடிநீர் தருவதாகச் சொல்லி சூயஸ் நிறுவனத்தோடு 26 வருஷ ஒப்பந்தம் போட்டார்கள். சுமார் 40 கோடி யூரோ, அன்றைய மதிப்பில் 3,000 கோடி ரூபாய்க்கு மேல். சுமார் ஒன்றரை லட்சம் இணைப்புகள். 26 வருஷம் என்றால் சும்மா இல்லைங்க. 2018-ல் எல்.கே.ஜி. போன குழந்தைக்கு ஒப்பந்தம் முடியும்போது 30 வயது. அதற்குள் எத்தனை மேயர், எத்தனை ஆட்சி!

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அந்தக் கையெழுத்து போடப்பட்ட நாளில் கோவை மாநகராட்சியில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே கிடையாது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்தது, அடுத்த நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரியில்தான் நடந்தது. இடையில் எல்லாம் தனி அலுவலர் ஆட்சி. கவுன்சிலர் இல்லாத ஊரில் கால் நூற்றாண்டுக்குத் தண்ணி ஒப்பந்தம். யாரிடம் கேட்டார்கள்?

"கட்டணத்தை முடிவு செய்வது மாநகராட்சிதான், கம்பெனி இல்லை" என்று அப்போதும் விளக்கம் சொன்னார்கள், இப்போதும் சொல்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறோம். ஆனால் கம்பெனிக்கு வருஷா வருஷம் கொடுக்க வேண்டிய பணத்தை ஒப்பந்தம் ஏற்கெனவே எழுதி வைத்துவிட்டால், கட்டணத்தைக் குறைக்க நாளைய மன்றத்துக்கு எவ்வளவு இடம் மிச்சம் இருக்கும்? கையைக் கட்டிவிட்டு "முடிவு உங்க கையில்தான் இருக்கு" என்கிற கதை இது. ஒன்றரை லட்சம் வீட்டின் தண்ணிக் கணக்கும் எந்தக் கணினியில் இருக்கும்? ஒப்பந்தம் முடிந்து கம்பெனி போகும்போது அந்தக் கணக்கும் மென்பொருளும் நம்மிடம் வருமா, இல்லை பாஸ்வேர்டுக்காக மறுபடி ஒரு ஒப்பந்தம் போட வேண்டுமா? இப்படிக் கேட்பதால் நாம் வளர்ச்சிக்கு எதிரி ஆகிவிட மாட்டோம். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கூட சாவி எங்கே என்று கேட்பார்.

குழாய்க்குக் குழாய் தோண்டினார்கள், ரோடு போச்சு, குறித்த காலம் தாண்டியும் வேலை முடியவில்லை. அந்தக் குழிகளில் விழுந்து எழுந்தவர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை.

வீட்டுக்காரரின் குடத்தை லிட்டர் லிட்டராக அளக்கத் துடிக்கிறவர்களுக்கு இன்னொரு இடத்தைக் காட்டுகிறோம். திருநெல்வேலி, கங்கைகொண்டான் சிப்காட். குளிர்பானக் கம்பெனிகளுக்குத் தாமிரபரணித் தண்ணியை 2017 வாக்கில் ஆயிரம் லிட்டர் 37 ரூபாய் 50 காசுக்குக் கொடுத்தார்கள். லிட்டருக்கு நாலு காசு கூட இல்லை. அதே தண்ணியில் சர்க்கரை கலந்து பாட்டிலில் அடைத்து நம்மிடமே என்ன விலைக்கு விற்கிறார்கள் என்று கடைக்காரரைக் கேளுங்கள். 2017 மார்ச்சில் வணிகர்கள் அந்தப் பாட்டில்களை விற்க மாட்டோம் என்று நின்றது நினைவிருக்கும். கம்பெனிக் குழாயில் ஒரு நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் போகிறது என்பதை நெல்லை மக்கள் தங்கள் போனில் பார்க்க முடியுமா? முடியாது. ஆனால் நம் வீட்டுக் கழிவறைத் தொட்டி ஒழுகுவதை மட்டும் சர்வரில் பார்த்துவிடுவார்களாம்!

2019 கோடையில் சென்னையின் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் வறண்டு, ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையில் இருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணி வந்தது. அதே மாதங்களில் நகரைச் சுற்றியுள்ள கிராமங்களின் கிணற்றில் இருந்து தனியார் லாரிகள் எத்தனை கோடி லிட்டர் எடுத்தன? அதற்கு மீட்டர் இருந்ததா? 2003-ல் மாநிலம் முழுதுக்கும் ஒரு நிலத்தடி நீர்ச் சட்டம் போட்டார்கள், 2013-ல் அதை ரத்தும் செய்தார்கள். லாரி ரொப்புகிற போர்வெல்லுக்கும், கேன் தண்ணிக் கம்பெனிக்கும், குளிர்பானத் தொழிற்சாலைக்கும் முதலில் சென்சார் மாட்டுங்கள். அந்தக் கணக்கு ஊராட்சி அலுவலகச் சுவரில் தினமும் தெரியட்டும். அதற்கு எவ்வளவு செலவானாலும் நம் கட்சி ஆதரிக்கும்.

"அதெல்லாம் சரி, மின்சாரத்தில் வந்தது தண்ணிக்கும் வருமா?" என்கிறீர்கள். 2021-ல் ஒன்றிய அரசு மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தில் நாடு முழுக்க 25 கோடி ப்ரீபெய்ட் மீட்டர் என்று இலக்கு வைத்தது. முன்பணம் கட்டு, அப்புறம் வெளிச்சம். அந்த மாடலைத் தண்ணிக்குக் கொண்டுவர யாருக்கும் ஆசை வராது என்று நம்புகிற அளவுக்கு நாம் அப்பாவிகள் இல்லை. ஆனால் கரண்ட் இல்லாமல் ஒரு ராத்திரி மெழுகுவர்த்தியில் ஓட்டலாம். தண்ணி இல்லாமல் ஒரு கைக்குழந்தையின் தாய் எப்படி ஓட்டுவாள்? 2010 ஜூலை 28 அன்று ஐ.நா. பொதுச்சபை குடிநீர் மனித உரிமை என்று தீர்மானம் போட்டபோது இந்தியா ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டது. ஐ.நா.வில் ஓட்டுப் போட்டதை வீதியில் மறக்கக் கூடாது. பில் பாக்கி என்றால் நோட்டீஸ் கொடு, தவணை கொடு, வசதி இருந்தும் கட்டாதவன் மேல் வழக்குப் போடு. குடிக்கிற, சமைக்கிற, குளிக்கிற அளவுத் தண்ணியை எந்தக் கருவியும் எந்தக் காரணத்துக்கும் நிறுத்தக் கூடாது. இதில் பேரம் இல்லை.

கணக்கைப் பற்றியும் ஒன்று. மணிக்கு மணி தண்ணி ஓடுவதைப் பார்த்தால் ஒரு வீட்டில் எப்போது ஆள் இருக்கிறார், எப்போது ஊருக்குப் போனார், எத்தனை பேர் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள், ஆனால் தன் அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளும் அதிகாரத்தையும் ஒன்றிய அரசு அதிலேயே வைத்துக்கொண்டது. பில் போட மாதம் ஒரு எண் போதும். அதற்கு மேல் எதற்கு?

இதையெல்லாம் அரசே ஒழுங்காகச் செய்ய முடியுமா என்று கேட்பவர்கள் ஒடிசாவின் பூரியைப் பாருங்கள். 2021 ஜூலையில் ஊர் முழுக்க 24 மணி நேரமும், குழாயில் பிடித்து நேராகக் குடிக்கிற மாதிரி தண்ணி என்று அறிவித்தார்கள். நடத்துவது மாநில அரசின் நிறுவனம். மீட்டர் உண்டு. ஆனால் மீட்டரைப் பார்ப்பதும், பில் கொடுப்பதும், தண்ணியைச் சோதித்துக் காட்டுவதும் 'ஜலசாத்தி' என்ற பெண்கள். சுய உதவிக் குழுவில் இருந்து வந்த, அதே தெருப் பெண்கள். பில் கூடிவிட்டால் கால் சென்டருக்குப் போன் போட்டு ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று தவிக்க வேண்டாம், பக்கத்து வீட்டு அக்காவிடம் கேட்கலாம். அவர்களுக்குக் கிடைக்கும் ஊக்கத்தொகை போதுமா, வேலை நிரந்தரமா என்பது தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி, அதையும் நாம் கேட்போம். நம் ஊரில் வால்வு திறக்கிற தொழிலாளிக்கு எந்தத் தெருவில் எத்தனை மணிக்கு அழுத்தம் இறங்கும் என்பது கைரேகை மாதிரி தெரியும். அவர் கையில் ஒரு திரையைக் கொடுங்கள். சென்சார் வந்துவிட்டது என்று அவரை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்.

பாரிஸ் மாநகராட்சி 25 வருஷம் சூயஸ், வியோலியா என்ற இரண்டு பெரிய கம்பெனிகளிடம் தண்ணி விநியோகத்தை விட்டு வைத்திருந்தது. ஒப்பந்தம் முடிந்ததும் 2010-ல் தன் கைக்கே எடுத்துக்கொண்டது. முதல் வருஷமே 3.5 கோடி யூரோ மிச்சம். 2011-ல் கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தார்கள். தொலைவில் இருந்தே அளவு எடுக்கிற மீட்டரை அந்தப் பொது நிறுவனம் தூக்கி எறியவில்லை, வைத்துக்கொண்டுதான் இருக்கிறது. கம்பெனியின் சொந்த ஊரே இப்படிச் செய்தபோது, நாம் மட்டும் அந்தப் பக்கம் கையெழுத்துப் போடப் போவது என்ன அவசரத்தில்?

சரி, இப்போது வேலைக்கு வருவோம். கிராமத்தில் இருக்கிற தோழர்களுக்கு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கிராம சபை உண்டு. நகரத்தில் இருப்பவர்களுக்கு வார்டு பகுதி சபை இருக்கிறது. இந்தக் கேள்விகளை ஒரு மனுவாகவே எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்: நம் ஊர்த் தொட்டிக்கு நேற்று எத்தனை லிட்டர் ஏறியது, எத்தனை லிட்டர் இறங்கியது? அதை அளக்க மீட்டர் இருக்கிறதா, ஓடுகிறதா? வீட்டு மீட்டருக்கு டெண்டர் விட்டிருந்தால் அது எந்த வகை, எத்தனை வருஷ ஒப்பந்தம், கணக்கு யார் சர்வரில்? பணம் கட்டாவிட்டால் மூடிக்கொள்ளும் வால்வு அதில் உள்ளதா? தெருக்குழாயை எடுக்கப் போகிறீர்களா?

பதில் வாய்மொழியாக வேண்டாம். தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். "பார்க்கலாம்" என்றால் "எப்ப?" என்று கேளுங்கள். பதில் வராத ஊர்களில் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி இதே கேள்விகளைப் போடுங்கள். மனு நகலையும் வந்த பதிலையும் படம் எடுத்துக் கமெண்டில் போடுங்கள், ஊர்ப் பேரோடு. எந்த ஊரில் தொட்டிக்கு மீட்டர் இல்லாமல் வீட்டுக்கு மட்டும் மீட்டர் வருகிறதோ, அந்த ஊர் மாநகராட்சி வாசலில் நம் முதல் போராட்டம்.

#தொட்டிக்கு_முதலில்_மீட்டர்